தறியில் ஓர் இருமல்

இதயம் பலவீனமாக இருப்பதால் தந்தையாருக்கு எனலாப்ரில் மாத்திரை எழுதித் தந்தார்கள். மூன்றாம் வாரம் வறட்டு இருமல் தொடங்கிற்று. ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்து இருமினால் உடல் குலுங்கும்; நாடா தப்பும்; பாவில் இழை அறும். அறுந்ததை முடிந்துகொண்டே இருந்தால் சேலை எப்போது முடியும்? காசநோயோ என்றஞ்சிச் சளியைச் சோதித்தோம். இல்லை. பட்டுத் தூசி என்றனர் அண்டை வீட்டார். மாத்திரையின் மீது எங்களுக்கு ஐயமே எழவில்லை.

அவருக்கு எழுந்தது. சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை வாங்கிக் கஷாயம் குடித்தார். சில வாரங்களில் இருமல் நின்றது. கல்லூரியில் மருதத்திணை நடத்தும் எங்களுக்குச் சற்றுப் பெருமைகூட! பிறகு கால்கள் வீங்கின. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

மருத்துவர் விளக்கிய பின்னரே புரிந்தது. இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் உருவாக உதவும் நொதியை இம்மாத்திரை தடுக்கிறது. பிராடிகினினைச் சிதைப்பதும் அதே நொதிதான். அது தேங்கினால் சிலருக்கு இருமல் வரும். மாத்திரை நின்றதால்தான் இருமல் நின்றது; பெயரைத் தட்டிச் சென்றது பட்டை. பிராடிகினினைத் தேக்காத லோசார்ட்டன் 1995 முதலே இருக்கிறது. இருமலை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அந்த இரவுகள் வந்திரா.

இவ்வகை மருந்துகளுள் மூத்ததான கேப்டோப்ரில், பிரேசில் விரியனின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்தது என்றோம். "பாம்பு வெசத்தையா குடுத்தீங்க?" என்றார்.

இப்போது லோசார்ட்டன் விழுங்குகிறார்; இருமல் இல்லை. மிஞ்சிய மருதம்பட்டை டப்பாவைத் தூக்கியெறிய மட்டும் விடுவதில்லை.