வீண்பேச்சின் விலை

தெற்குக் கோவாவின் சால்செட் பகுதியில் கப்பல் வேலைக்குப் போகிறவனைக் கொங்கணியில் 'தார்வொட்டி' என்பார்கள். அந்தச் சொல் ஒரு தொழிலை மட்டும் குறிப்பதில்லை. வீட்டில் யார் எப்போது இருப்பார், திருமணம் எந்த மாதத்தில் நடக்கும், கூரை ஓடு எப்போது மாற்றப்படும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். இங்கே பேசப்படும் வீட்டில் இரண்டு தலைமுறைத் தார்வொட்டிகள். தந்தை எழுபதுகளில் சரக்குக் கப்பல்களில் சமையல் பணியாளராக இருந்தவர். பம்பாயில் தம் ஊராருக்கென இருந்த 'கூட்' எனும் விடுதியில் தங்கி, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தவர். அவர் இப்போது இல்லை. மகன் கரீபியன் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல் ஒன்றில் பயணிகளின் அறைகளைப் பராமரிக்கும் பணியாளன். ஒப்பந்தம் எட்டு மாதம். வீட்டில் அவனுடைய தாயும், மனைவியும், இரண்டரை வயது மகளும் இருக்கிறார்கள்.

கப்பல் புறப்படும் நாளில் பயணிகள் அவனிடம் முதலில் கேட்பது இணையத்தைப் பற்றித்தான். பல உல்லாசக் கப்பல்களில் ஒரு கருவிக்கான இணையக் கட்டணம் நாளொன்றுக்கு 15 டாலருக்கும் 30 டாலருக்கும் இடையில் இருக்கிறது. குறைந்த செலவில் சமாளிப்பது எப்படி என்று அவர்கள் கேட்க, அவன் மனப்பாடமாகச் சொல்வான். கப்பல் ஏறியதும் கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டுவிட வேண்டும். வைஃபையை மட்டும் தனியே இயக்கிக்கொள்ள வேண்டும். கப்பலிலேயே செல்பேசிக் கோபுரம் ஒன்று உண்டு; கரையை விட்டு விலகியதும் அது விழித்துக்கொள்ளும். கைபேசி தானாக அதனோடு இணைந்தால், ஊர் திரும்பிய பின் வரும் ரோமிங் கட்டணம் திகைக்க வைக்கும். இணையத் தொகுப்பைப் பயணத்துக்கு முன்பே வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். குடும்பத்துக்கு ஒரே தொகுப்பு வாங்கி, ஒருவர் வெளியேறிய பின் மற்றவர் நுழையலாம். வரைபடம், படம், பாட்டு, படிக்க வேண்டிய கட்டுரை அனைத்தையும் கரையிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். இ-சிம் துறைமுகத்தில் உதவும், நடுக்கடலில் உதவாது. பழைய ஜிஎஸ்எம் முறையில் ஒரு கரைக் கோபுரத்தின் எல்லை, கணக்குப்படியே 35 கிலோமீட்டர்தான்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபின் பெரும்பாலான பயணிகள் தொகுப்பை வாங்கிவிடுவார்கள். ஏழு நாள் பயணத்தில் அது ஒரு செலவு, அவ்வளவுதான். எட்டு மாதம் கடலில் இருப்பவனுக்கு அது வேறு கணக்கு.

பணியாளர்களுக்குக் கட்டணம் குறைவு, ஆயினும் இலவசமில்லை. எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பக்கூடிய மலிவான தொகுப்பு ஒன்று. எல்லாவற்றுக்குமான விலையுயர்ந்த தொகுப்பு இன்னொன்று. பயணிகளுக்குச் சொல்லும் உத்திகளைக் காட்டிலும் கடுமையானவற்றை அவன் தனக்கென வகுத்துக்கொண்டான். கைபேசியில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தினான். செயலிகளின் பின்னணி இயக்கத்தை முடக்கினான். துறைமுகத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கடலோடிகளுக்கான சேவை மையத்துக்கு நடந்து சென்று, அங்குள்ள இலவச வைஃபையில் வீட்டிலிருந்து வந்த படங்களைச் சேர்த்து இறக்கிக்கொண்டான். குரல் செய்திகளை முன்பே பதிந்து வைத்து, இணைப்புக் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பினான். நான்கு மாதம் இந்த ஏற்பாடு குறையின்றி நடந்தது. மிச்சப்பட்ட பணம் வீட்டுக்கடனுக்குப் போயிற்று.

அந்தக் குரல் செய்திகளை வரிசையாகக் கேட்டால் ஒரு மாற்றம் புலப்படும். முதல் மாதச் செய்திகளில் வணக்கம் உண்டு, கடலின் நிறம் உண்டு, உடன் தங்கியிருப்பவனின் குறட்டையைப் பற்றிய கேலி உண்டு. மூன்றாம் மாதத்துச் செய்திகள் அரை நிமிடம்தான் ஓடும். "பணம் அனுப்பியாயிற்று. அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டதா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? வெள்ளிக்கிழமை துறைமுகம்." பதிந்து அனுப்பும் செய்திக்கு நீளத்தால் பெரிய செலவு கூடிவிடாது. ஆனாலும் சிக்கனம் ஒரு பழக்கமாகி, பையிலிருந்து நாவுக்கு ஏறிவிட்டது.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே மாலினோவ்ஸ்கி நினைவுக்கு வருவார். டிரோப்ரியாண்ட் தீவு மக்களிடையே களப்பணி செய்த அவர், 1923ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், தகவல் எதையும் தராத பேச்சு என ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், மழை வரும்போல் இருக்கிறதே என்பன போன்றவை அவை. பேசுவோரைப் பிணைப்பதே அவற்றின் வேலை. 1960இல் யாகப்சன் மொழியின் பணிகளை வகுத்தபோது, தொடர்பு அறுந்துவிடவில்லை என்பதை உறுதிசெய்யும் பணியாக இதற்குத் தனி இடம் தந்தார். இணையம் விலை கூடும்போது முதலில் வெட்டப்படுவது இந்தப் பேச்சுதான். வெட்டுகிறவர் அதை வீண்பேச்சு என்றே கருதுவார். மாத்திரையும் கடன் தவணையும் அவசியமானவை. ஆகவே அவை தப்பிவிடும்.

வீட்டில் அதன் விளைவு முதலில் குழந்தையிடம் தெரிந்தது. தொடக்கத்தில் தந்தையின் குரல் கேட்டதும் கைபேசியை நோக்கி ஓடிவந்து பதில் சொன்னவள் அவள். கேள்வி கேட்டால் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதையும், தன் பதிலுக்கு அது காத்திராததையும் சில வாரங்களில் கண்டுகொண்டாள். பிறகு அந்தக் குரலை வானொலியைக் கேட்பதுபோல் கேட்கத் தொடங்கினாள். விளையாட்டை விட்டு எழுவதில்லை. ஒருநாள் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கோபத்தோடு செய்ததாகத் தெரியவில்லை. முடிந்துபோன ஒன்றை ஓரமாக வைப்பதுபோல் வைத்தாள்.

குழந்தை மொழியாய்வு இதை ஓரளவு முன்னறிவித்திருக்கிறது. 2003இல் பட்ரீஷியா கூலும் அவர் குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்கச் செய்தார்கள். நேரில் பேசியவரிடமிருந்து அவர்கள் ஒலி வேறுபாடுகளைக் கற்றார்கள். அதே பேச்சின் ஒளிப்பதிவிலிருந்து கற்கவில்லை. 2014இல் ரோஸ்பெரி, ஹெர்ஷ்-பசெக், கோலின்காஃப் ஆகியோர் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் புதிய வினைச்சொற்களைச் சோதித்தார்கள். நேரடிக் காணொளி அழைப்பில் குழந்தைகள் கற்றார்கள். இன்னொரு குழந்தையோடு பேசிய அழைப்பின் பதிவைக் காட்டியபோது கற்கவில்லை. தடை திரையில் இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. தன் செயலுக்கு எதிர்முனையிலிருந்து உரிய நேரத்தில் பதில் வருகிறதா என்பதையே குழந்தை அளக்கிறது. சால்செட்டில் இரண்டரை வயதுப் பெண் அதை அளந்து, வரவில்லை என்று முடிவுசெய்திருந்தாள்.

மனைவி அவனுக்கு அதை எழுத்தில்தான் சொன்னாள். அந்தத் தொகுப்பில் எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. "உன் குரலுக்கு அவள் இப்போது திரும்புவதில்லை" என்ற ஒரே வரி. மறுமொழி இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் விலையுயர்ந்த தொகுப்பை வாங்கினான். 24 மணி நேரத்துக்கு அதன் விலை, அவனுடைய ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்குச் சற்றே குறைவு. கப்பலில் இரவு பத்தரை மணி; படுக்கைகளை விரித்துவைக்கும் மாலைப்பணி முடிந்திருந்தது. கோவாவில் மறுநாள் காலை எட்டு மணி. ஜூன் மாதத்து மழை.

அந்தக் கப்பலின் இணைப்பு புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகச் செல்வது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி. பதில் திரும்ப இன்னொரு கால் விநாடி. மனிதர் உரையாடலில் ஒருவர் முடிக்கவும் மற்றவர் தொடங்கவும் ஆகும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி என்று 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஸ்டிவர்ஸ் குழுவின் ஆய்வு காட்டியது. அரை விநாடித் தாமதத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள்; இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் இத்தாமதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. அவன் கப்பலில் அந்த வசதி அப்போது வந்திருக்கவில்லை.

அழைப்பு எட்டு நிமிடம் நீடித்தது. குழந்தை முதலில் திரையைப் பார்க்கவில்லை. வீட்டு முகப்பில், கோவாக்காரர்கள் 'பல்காவ்' என்று சொல்லும் திண்ணையின் ஓரத்தில், ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கைபேசியை நத்தையின் பக்கம் திருப்பினாள். "அது எங்கே போகிறது?" என்று அவன் கேட்டான். குழந்தை பதில் சொல்லவில்லை. படம் உறைந்தது. மீண்டும் அசைந்தபோது அவன் ஒன்றும் பேசாமல் காத்திருந்தான். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்கும் போகவில்லை. பணம் கரையும் நேரத்தில் அவன் காத்திருந்தது அதுவே முதல்முறை. குழந்தை திரும்பிப் பார்த்து, "வீட்டுக்கு" என்றாள். "யார் வீட்டுக்கு?" "அதோட வீட்டுக்கு." பிறகு நத்தைக்கு அம்மா உண்டா, அது மழையில் நனையுமா என்று பேச்சு வளர்ந்தது. மாத்திரை பற்றியோ தவணை பற்றியோ ஒரு சொல்லும் வரவில்லை. இணைப்பு அறுந்தபோது அவள் கைபேசியைக் கவிழ்க்கவில்லை, "பப்பா எங்கே?" என்று கேட்டாள்.

அன்று மாலை மனைவி கணக்குப் பார்த்தாள். மாதம் நான்கு முறை இப்படிப் பேசினால் கடன் தவணையில் இடிக்கும். நத்தையைப் பற்றிப் பேச இவ்வளவு பணமா என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் தம் கணவரின் தந்திகளைப் பற்றிச் சொன்னார். அந்நாளில் கப்பலிலிருந்து வானொலித் தந்தி அனுப்பச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். மகன் பிறந்த செய்திக்கு வந்த பதிலில் இருந்தவை மூன்றே சொற்கள். அதில் குழந்தையின் பெயர்கூட இல்லை. "அவர் கஞ்சர் இல்லை. ஆனால் அவன் ஏழு வயதுவரை அவரைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்" என்றார். பிறகு முறத்தைத் தட்டினார். அந்த மாதத்துத் தவணையோடு சேர்க்கத் தம் முதியோர் உதவித்தொகையிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்தார்.

முதியவர் ஒருவரின் உதவித்தொகை நடுக்கடல் இணையத்துக்குச் செல்வது ஒரு குடும்பத்தின் அன்புக் கதை மட்டுமன்று. கடலோடிகளின் தொழில் உரிமைகளை வகுக்கும் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022இல் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. 2024 டிசம்பர் 23 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. கப்பலில் இருக்க வேண்டிய வசதிகளுள் சமூகத் தொடர்பும் ஒன்று என்று கட்டாயப் பகுதி சொல்கிறது. இணைய வசதி தரப்பட வேண்டும், கட்டணம் இருப்பின் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லாத வழிகாட்டுப் பகுதியில் வருகிறது. அதுவும் நடைமுறையில் இயன்ற அளவுக்கு என்ற வரம்போடு. ஆங்கில மூலத்தில் முன்னதற்கு 'ஷல்', பின்னதற்கு 'ஷுட்'. தமிழில் பெயர்த்தால் இரண்டுமே 'வேண்டும்' என்றே முடியும். ஆனால் கப்பலின் அடித்தளத்தில் படுத்திருக்கும் பணியாளன் அந்த இரண்டு துணைவினைகளுக்கு இடையிலான தூரத்தைத் தன் சம்பளத்தால் அளக்கிறான்.

'நியாயமான கட்டணம்' எது என்று தீர்மானிக்கிறவர்கள் வழக்கமாக மெகாபைட்டை எண்ணுகிறார்கள். அவசரச் செய்தி போய்ச் சேர்ந்தால் போதும் என்ற அளவில் கணக்கு நின்றுவிடுகிறது. அவசரமில்லாத செய்தியும் போய்ச் சேரும் விலையே நியாயமான விலை. நத்தையைப் பற்றிப் பேசக் கட்டுபடியாகாத இடத்தில் மாத்திரையைப் பற்றிப் பேசுவதும் நாளடைவில் அந்நியருக்கிடையே நடக்கும் தகவல் பரிமாற்றம் ஆகிவிடும்.

அவன் இப்போது தன் உத்திகளில் ஒன்றை மாற்றியிருக்கிறான். குரல் செய்திகளைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு நேரடி அழைப்பு. அதற்காகத் துறைமுக நாள்களில் வெளியே சாப்பிடுவதை விட்டுவிட்டான். பயணிகள் கேட்டால் பழைய பட்டியலையே சொல்கிறான். கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறான். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், மிச்சம் பிடித்த நிமிடங்களை எல்லாம் சேர்த்து ஒரே அழைப்பில் செலவிடுங்கள். அதில் முக்கியமானது எதையும் பேசாதீர்கள்.

வியாழக்கிழமை காலைகளில், எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பாக, அந்தக் குழந்தை பல்காவின் ஓரங்களில் எதையோ தேடுகிறது. மழைக்காலம் முடிந்துவிட்டதால் நத்தைகள் இல்லை. எறும்பு போதும் என்று பாட்டி சொல்லிவிட்டார்.