ஓரியூர் நாடகத்தில் இல்லாத காட்சி

ஓரியூருக்குப் போகிறேன் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. "மொட்டையா, காதுகுத்தா, அசனமா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு மூன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பாரிசில் காகிதம் கைக்கு வரும்வரை ஊருக்கு வர வழியில்லை. கைக்கு வந்தபோது அம்மா இல்லை. அப்புறம் என்ன அவசரம் என்று வருடங்களைத் தள்ளிவிட்டேன். இந்தத் தை மாதக் கடைசியில் வந்து இறங்கி, "சும்மா திருநாளப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் அயித்தை" என்றேன். அயித்தைக்கு அது பிடிக்கவில்லை.

"அருளானந்தருகிட்ட சும்மாவா போவாக? நீ பிளேன் ஏறுன அன்னைக்கு ஒங்க அம்மா நேந்துக்கிட்ட கெடா இன்னும் பாக்கி கெடக்கு. செத்தவளால குடுக்க முடியுமா? நீதான் குடுக்கணும்."

இப்படியாக, கடன்காரனாகத்தான் ஓரியூர் போனேன்.

திருவாடானை தாலுகாவில் பாம்பாற்றுக் கரையில் இருக்கிறது ஓரியூர். நான் சிறுவனாக இருந்தபோது கூண்டுவண்டி கட்டிக்கொண்டு முதல் நாளே புறப்படுவோம். வண்டிக்கடியில் லாந்தர் ஆடும், பின்னால் ஆடு கத்தும். இப்போது வேனில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் கண்மாய்க்குள்ளும் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. கோயில் முகப்பில் வண்ண விளக்கு, மேலே ட்ரோன் கேமரா, பூசை யூடியூபில் நேரலை. இவற்றைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் ஊர் மாறிவிட்டதே என்று புலம்புவதைப் போல் சலிப்பூட்டுவது வேறில்லை. ஊர் அவனுக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

மாறாமல் இருப்பது மண். சேசு சபைச் சாமியார் அருளானந்தர் வெட்டுண்ட இடத்தில் மணல் சிவப்பு. அவருடைய ரத்தம் விழுந்து சிவந்தது என்பது சனங்களின் நம்பிக்கை. இந்த மண்ணை முடிந்துகொண்டு போகாமல் ஓரியூரிலிருந்து யாரும் திரும்புவதில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்கு, பிள்ளையில்லாதவள் வயிற்றுக்கு, விதைக்கும் முன் வயலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். பாரிசில் என் சமையலறை மாடத்தில் அம்மா கொடுத்தனுப்பிய மண் ஒரு மருந்துப் புட்டியில் இருக்கிறது. சுங்கத்தில் ஒருவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்.

எங்களுக்கு அருளானந்தர் கதை தெரிந்தது மறைக்கல்வி வகுப்பில் அல்ல, நாடகத்தில். எங்கள் ஊரில் அறுப்பு முடிந்து ஒரு ராத்திரி முழுக்க நடக்கும். கதை எப்போதும் மறவர் நாட்டில்தான் ஆரம்பிக்கும். தடியத்தேவர் தீராத நோயில் கிடப்பார். ராமநாதபுரத்துச் சேதுபதி வம்சத்தில், ஆட்சிக்கு உரிமை கோரக்கூடியவர். உபதேசியார் வந்து நற்செய்தி வாசிப்பார், நோய் தீரும். உடனே ஞானஸ்நானம் வேண்டும் என்பார் தேவர். பல மனைவிகளை வைத்துக்கொண்டு அது ஆகாது, ஒருத்திதான் இருக்கலாம் என்பார் சாமியார். தேவர் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவைப்பார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளன்று முனி என்ற ஊரில் ஞானஸ்நானம். தள்ளிவைக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, அப்போது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போவாள். இரண்டே நாளில், ஜனவரி 8ஆம் தேதி, சாமியார் கைது.

கடலாயி மேடைக்கு வந்ததும் கூட்டம் ஏசும். ஆண்தான் அந்த வேடம் கட்டுவார். ஒரு வருடம் அவர்மீது செருப்பே விழுந்தது. அப்போது நானும் கூடச் சேர்ந்து கத்தியவன்தான். இந்த முறை வேனில் போகும்போது எண்ணிப் பார்த்தேன்: அந்தப் பெண் என்ன செய்தாள்? கட்டியவன் சாமியார் சொன்னார் என்று வீட்டைவிட்டு அனுப்பினான். பிறந்த வீட்டில் போய் முறையிட்டாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள், செய்யாவிட்டால்தான் ஏசுவோம். புனிதரின் புகழுக்கு ஒரு வில்லி வேண்டும் என்பதற்காக முந்நூறு வருடமாக அவளை மேடையேற்றித் திட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பின் அவள் என்ன ஆனாள் என்று எந்த வசனமும் சொல்லாது.

கைது செய்தவரை ராமநாதபுரத்திலேயே வெட்டினால் கலகம் வரும், தடியத்தேவர் சும்மா இருக்கமாட்டார் என்று சேதுபதிக்குத் தெரியும். அதனால் ஓரியூரில் இருந்த தம்பி உடையத்தேவரிடம் அனுப்பிவிட்டார். வெட்டியது பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த வருடம் அதுதான் சாம்பல் புதன். முதல் நாள் சிறையிலிருந்து மற்றச் சாமியார்களுக்கு எழுதிய கடிதத்துக்குத் தண்ணீரில் கரைத்த கரிதான் மை. வெட்ட வந்தவன் அவர் கழுத்தில் தொங்கிய பேழையைப் பார்த்து, மந்திரத் தாயத்து என்று பயந்து, கையால் தொடாமல் அரிவாளால் அறுத்தெறியப் பார்த்தானாம். அந்த வீச்சு தோளில் விழுந்தது. பிறகுதான் தலை. கையும் காலும் வெட்டி உடலைக் கழுமரத்தில் கட்டினார்கள். அதற்குப்பின் நாள் கணக்கில் மழை கொட்டியது. நாடகத்தில் அந்த மழைக்குத் தகரத்தில் கூழாங்கல்லை உருட்டுவார்கள்.

அத்துடன் திரை. ஆளைப் பிடித்தார்கள், வெட்டினார்கள், மண் சிவந்தது. எங்கள் ஊருக்கு அவர் அந்த நான்கு வாரத்து மனிதர்.

பாரிசில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்த்துக்கீசியர்கள். அவர்களோடு ஒரு கோடையில் லிஸ்பன் போனேன். ஆல்வலாத் என்ற பகுதியில் ஒரு கோயிலைத் தாண்டும்போது பலகையில் சாவோ ஜுவாவோ த பிரிட்டோ என்றிருந்தது, அருளானந்தரின் போர்த்துக்கீசியப் பெயர். நம்ம ஆள்! வண்டியை நிறுத்தச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஒரு நல்ல பள்ளிக்கூடத்தின் பெயர், அவ்வளவுதான். சேசு சபையார் 1947இல் தொடங்கிய பள்ளி, அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அதே வருடம். ஜூன் 22ஆம் தேதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பட்டம் கொடுத்தார். இரண்டு மாதம் கழியுமுன் இந்தியா சுதந்திரம் பெற்றது. போர்த்துக்கீசியப் பிரபு வீட்டுப் பிள்ளையை ராமநாதபுரத்துச் சம்சாரிகள் தங்கள் குலசாமிபோலக் கும்பிடுகிறார்கள், கிடா வெட்டுகிறார்கள் என்று நான் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பவே இல்லை.

அன்றைக்குத்தான் அருளானந்தருடைய வாழ்க்கையை முழுதாகத் தேடிப் படித்தேன். 1647 மார்ச் 1ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தவர். தகப்பனார் பிரேசிலில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்துபோனார். பிள்ளை அரண்மனையில் இளவரசன் பெத்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தது. பிழைக்காது என்கிற அளவுக்கு ஒருமுறை நோய் வந்தபோது, தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தபின் ஒரு வருடம் பிள்ளைக்குச் சேசு சபை அங்கி மாட்டிவிட்டார். எங்கள் ஊரில் அந்தோணியாருக்கு நேர்ந்து பிள்ளைக்குக் காவி அங்கி போடுவது அப்படியே இது. ஆனால் பிள்ளை அங்கியைக் கழற்ற மனமில்லாமல் 1662இல் சபையிலேயே சேர்ந்துவிட்டான். 1673இல் கப்பலேறப் போகிறான் என்றதும், நேர்ந்த அதே தாயார் பெரிய இடத்தையெல்லாம் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். முடியவில்லை.

அடுத்த வருடம் மதுரை மிஷனுக்கு வந்தார். ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழியில் சில சாமியார்கள் பிராமணச் சந்நியாசிகளாகவும் சிலர் பண்டாரச் சாமிகளாகவும் இருந்த காலம். பிராமணச் சந்நியாசி ஒடுக்கப்பட்டவன் வாசலை மிதிக்க முடியாது, பண்டாரச் சாமியால் முடியும். இவர் பண்டாரச் சாமி. காவி வேட்டி, கைத்தடி, புலால் கிடையாது, படுக்கை தரையில். சாதியைப் பகைத்துக்கொள்ளாமல் அதன் இடுக்கு வழியாக நுழைந்த அந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை தனிக்கதை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் யார் எங்கே உட்கார்வது என்ற சண்டை என் தகப்பனார் காலம்வரை ஓயவில்லை.

1686இல் முதல்முறை பிடிபட்டபோது காளையார்கோவில் பக்கம் அடித்து, பாறையில் கிடத்தி மிதித்தார்கள். சேதுபதி விசாரித்துவிட்டு, இனி என் நாட்டில் உபதேசம் செய்யாதே என்று விட்டுவிட்டார். சபை அவரை மிஷன் காரியமாக லிஸ்பனுக்கு அனுப்பியது. 1687இல், பதினான்கு வருடம் கழித்து, பிறந்த ஊரில் கால் வைத்தார்.

இதுதான் எங்கள் நாடகத்தில் இல்லாத காட்சி. கூட விளையாடிய பெத்ரோ இப்போது ராசா. தாயார் உயிரோடு இருக்கிறார். ஊரே திரண்டு பார்க்க வருகிறது. இவரோ அரண்மனை விருந்துக்கு நடுவிலும் இறைச்சியைத் தொடாமல் பருப்பும் கீரையும் கேட்கிறார், ராத்திரி தரையில் படுக்கிறார். இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று ராசா கேட்டும் பிடி கொடுக்கவில்லை. கோயிம்பிராவிலும் எவோராவிலும் போய் மிஷனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, 1690இல் மறுபடி கப்பலேறிவிட்டார். உபதேசம் செய்யாதே என்று சேதுபதி சொன்ன அதே மறவர் நாட்டுக்கு.

வேதசாட்சி ஆக ஆசைப்பட்டார், அதனால் திரும்பினார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இருக்கலாம். எனக்கு அந்தப் பருப்புதான் பெரிதாகப்பட்டது. ஒரு வயிறு இடம் மாறிவிட்டால் மாறியதுதான். இந்த முறை அயித்தை வீட்டில் மூன்றாம் நாளே காலையில் ரொட்டியும் கசப்புக் காப்பியும் கேட்டு என் நாக்கு நச்சரித்தது. வெளியே சொல்லவில்லை, அடி விழும். லிஸ்பனில் அந்தச் சாமியாரின் தாயார் மகனுக்கு என்னவெல்லாம் ஆக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்!

திருநாள் அன்று விடியுமுன் கிடாவுக்கு மாலை போட்டுக் கோயிலைச் சுற்றிக் கூட்டிவந்தோம். வெட்டுவது கோயிலுக்கு வெளியே, மரத்தடியில், குடும்பத்தாரே. சாமியார்களுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இல்லாத திசையில் வெட்டுவார்கள். ரத்தம் சிந்தி நின்றவருக்கு ரத்தம் கொடுக்கிறோம் என்பது மறவர் வீடுகளில் சொல்லும் நியாயம். வெட்டச் சொன்ன வம்சமும் தாங்கள்தான், கும்பிடுகிற வம்சமும் தாங்கள்தான் என்று அவர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் திருநீறு பூசிய நெற்றிகள்.

நேர்ச்சைகளில் எனக்கு என்றும் அலுக்காதது பிள்ளை விற்பது. நேர்ந்து பெற்ற பிள்ளையைக் கோயிலில் விட்டுவிட வேண்டும். இனி அது அருளானந்தர் பிள்ளை. பிறகு ஏலம் விடுவார்கள், தாய் தகப்பனே ஒரு விலை சொல்லி வாங்கிக்கொள்வார்கள். இந்த முறை ஒரு சிறுமி தன்னை முந்நூறு ரூபாய்க்கு வாங்கியதற்குக் கோபித்துக்கொண்டு, தம்பி போன வருடம் ஐந்நூறுக்குப் போனான் என்று கத்தினாள். தென்னங்கன்றும் அப்படித்தான். கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள், வேறொருவர் ஏலத்தில் எடுத்துப்போய் நடுவார். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் அருளானந்தர் வழியாக வந்த தென்னைகள் நிறைய நிற்கின்றன.

கறி அண்டாவில் வெந்தது. அசனம் என்றால் அழைப்பு கிடையாது, பந்தியில் உட்கார்ந்தவர் எல்லோருக்கும் இலை. ஏழைக்கு முதல் இலை என்பது முறை. யார் பக்கத்தில் யார் என்று பார்க்கக்கூடாது என்பதும் முறை. பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் இப்போது ஓரக்கண்ணால்தான்.

பந்தி முடிந்து பாய் விரித்தபோது லிஸ்பன் கதையை அயித்தைக்குச் சொன்னேன். வாயைத் திறக்காமல் கேட்டார்.

"திரும்பிப் போறேன்னதுக்கு அவுக அம்மா என்ன சொன்னாக?"

அதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் பிறகு ஒன்று நடந்ததாகச் சொல்வார்கள் என்றேன். வெட்டுண்ட செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது ராசா அந்தத் தாயாரை அரண்மனைக்கு அழைத்தாராம். வேதசாட்சியின் தாய் துக்க உடை உடுத்தக்கூடாது, திருநாள் உடையில் வரவேண்டும் என்று கட்டளை. அப்படியே போனாராம்.

"நல்லாருக்கே ராசா நாயம்! பெத்தவ அழுவதுக்கும் உத்தரவு வாங்கணுமாக்கும்" என்றார் அயித்தை. பிறகு மகனைப் பார்த்துத் திரும்பினார். நாடகக் கமிட்டியில் மச்சான்தான் பொருளாளர். "ஏப்பா, இத ஏன் நாடகத்துல வைக்கல?"

"ஆத்தா, ஏற்கெனவே பொழுது விடிஞ்சிருது. இதுல கப்பலு, அரமனை, வெள்ளைக்கார ராசா உடுப்பு, இதுக்கெல்லாம் எங்க போறது?"

"கப்பலும் வேணாம், ராசாவும் வேணாம். அந்தம்மா எலையப் போட்டுக் கறி வைக்கிறாக, இவரு பருப்பு போதும்ங்கிறாரு. அம்புட்டுத்தான் சீனு. அத வைங்க. அந்தக் கடலாயி ஒப்பாரியக் கொஞ்சம் கொறச்சா நேரம் கெடைக்கும்."

"கடலாயியக் கொறச்சா சனம் எந்திருச்சுப் போயிரும்."

"போறவுக போகட்டும்."

மச்சான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "செய்யலாம். ஆனா புது வேசம்னா புதுச் செலவு. மாப்ளே, நீ எத்தன ஈரோ தர்றே?"