விவசாயி காசில் போட்ட தண்டவாளம்

பேராவூரணிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார்: "தோப்பில் நின்றால் ரயில் போவது தெரிகிறது. அதில் எங்கள் தேங்காயை ஏற்ற வழி உண்டா?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதனால் தை மாதக் கடைசியில் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை 149 கிலோமீட்டரையும் பகல் வண்டியில் போய்ப் பார்த்து வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேளாண்மைத் துறையில் இத்தனை வருஷம் ஜீப்பிலும் பைக்கிலும் சுற்றியவனுக்கு, வயலை ரயிலிலிருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் வயலின் முகப்புதான் தெரியும். ரயில் நம்மை வயலின் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போகிறது.

திருவாரூரைத் தாண்டியதுமே சம்பா அறுவடை. பெல்ட் போட்ட அறுவடை மெஷின்கள் இரண்டு, மூன்று ஒரே வெளியில் நிற்கின்றன. அறுத்த வயலில் வைக்கோல் கட்டும் மெஷின் உருளை உருளையாகப் போட்டுக்கொண்டே போகிறது. ஆள் பத்துப் பேரைக்கூட ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. மாவூர் ரோடு தாண்டி ஒரு வயலில் மெஷின் போன தடத்தில் மட்டும் மண் கருப்பாகக் கிடந்தது. மற்ற இடத்தில் உளுந்து இரண்டு இலை விட்டு நின்றது. தாளடியில் உளுந்து தெளிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கையறுப்புக் காலத்துக் கணக்கில் ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே மெழுகுப் பதத்தில் விதையைத் தெளித்துவிடுகிறோம். மெஷின் தள்ளி வந்தால் முளைத்த பயிர் மேல்தான் ஏறும். மெஷின்காரர் தேதி சொன்ன பிறகு தெளியுங்கள். கொஞ்சம் விதையை மிச்சம் வைத்திருந்து தடத்தில் மட்டும் மறுபடி போடுங்கள். சரி, ரயிலுக்கு வருகிறேன்.

இந்தத் தடம் யாருடையது தெரியுமா? வெள்ளைக்காரன் போட்ட ரயில் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இது அப்படி வந்ததல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட ரயில். நிலத்துக்காரர்களிடம் ரயிலுக்கென்றே ஒரு சிறு வரியை வாங்கிச் சேர்த்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை போட்டார்கள். 1894-இல் ஓட ஆரம்பித்தது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சொத்து போர்டுடையது. அடுத்த பத்து வருஷத்துக்குள் பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீட்டினார்கள். காரைக்குடியோடு சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. ஆக, நம் கொள்ளுத்தாத்தாமார் கிஸ்தியோடு சேர்த்துக் கட்டிய காசில் போட்ட தண்டவாளம் இது. ஸ்டேஷனில் நின்று ஒரு கோரிக்கை வைக்கும்போது நாம் ஏதோ தயவு கேட்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதே போர்டு போட்ட இன்னொரு தடம் மாயவரம்–தரங்கம்பாடி. 1986-இல் நிறுத்தினார்கள்; இன்றுவரை இல்லை. நீடாமங்கலம்–மன்னார்குடி 1976-இல் நின்று, 2011-இல்தான் திரும்ப வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் உப்பு ரயில் பாதை ஏறக்குறைய 19 வருஷம் கிடப்பில் கிடந்து 2023 ஏப்ரலில் திறந்தது. தடத்தை எடுக்க ஒரு உத்தரவு போதும். திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகிறது.

நம் திருவாரூர்–காரைக்குடி பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012-இல் மூடினார்கள். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018-இல் வேலை முடிந்தது. முழுப் பாதையிலும் 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். ஏழு வருஷம். மூடியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போன பிறகு ரயில் வந்தது. வந்த ரயிலாவது வேகமாக வந்ததா என்றால், 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மாட்டு வண்டியா என்று சிரித்தார்கள். காரணம் என்ஜின் இல்லை, தண்டவாளமும் இல்லை. கேட்!

ஆளில்லா ரயில்வே கேட்டில் விபத்து நடக்கிறது என்பதால், 2019 ஜனவரிக்குள் நாட்டின் அகலப்பாதைகளில் ஆளில்லாத கேட்டே இல்லாமல் செய்தார்கள். நல்ல முடிவு, எத்தனையோ உயிர் தப்பியது. ஆனால் புதிதாகப் போட்ட இந்தப் பாதையில் கேட் இருந்தது, கேட்டுக்கு ஆள் போடவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கதை. கோடிக்கணக்கில் கொட்டி அகலப்பாதை போட்டுவிட்டு, மாதச் சம்பளத்துக்கு ஆள் போடுவதில் கணக்குப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். அந்த நாளெல்லாம் இப்போது போய்விட்டது. நான் போன அன்று வண்டி கேட்டுக்குக் கேட் நிற்காமல் ஒழுங்காகவே ஓடியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவி வாங்கும் காசு திட்டத்தில் இருக்கும். அதை நடத்தும் ஆளுக்கான காசு திட்டத்தில் இருக்காது. வேளாண் துறையிலும் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஈரப்பதம் பார்க்கும் கருவி, கைரேகை மெஷின், செல்போன் செயலி எல்லாம் வரும். அதை விவசாயிக்கு விளக்கிச் சொல்ல இருக்க வேண்டிய பணியிடம் காலியாகவே கிடக்கும்.

திருத்துறைப்பூண்டியில் கூட்டம் ஏறியது. நெல் ஜெயராமன் அவர்கள் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய மண் இது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். என் எதிரில் ஒரு வயதான அம்மா பனங்கிழங்குக் கட்டுகளோடு உட்கார்ந்தார். பட்டுக்கோட்டையில் விற்கப் போகிறாராம்.

"ஏன் ஆயா, பஸ்ஸுலதான் பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாதே?" என்றேன்.

"அது டவுன் பஸ்ஸு தம்பி. நேரா பட்டுக்கோட்டை போறதுக்குக் காசுதான். டவுன் பஸ்ஸுல ஏறி எறங்கி மாறி மாறிப் போனா இந்த மூட்டைய யாரு தூக்குவா, நீங்க தூக்குவீங்களா?"

பெட்டியே சிரித்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு போக்குவரத்துக் கொள்கையே இருக்கிறது. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களின் கூலியில் பஸ் காசு மிஞ்சியது. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. ஒரு மூட்டைப் பொருளோடு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போய் விற்றுத் திரும்பும் பெண்ணுக்கு வேண்டியது குறைந்த கட்டணம், மூட்டை வைக்க இடம், போன இடத்திலிருந்து பொழுதோடு திரும்ப ஒரு வண்டி. இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் பாசஞ்சர் வண்டிதான். நம் ஆட்கள் கேட்பது எக்ஸ்பிரஸ். சென்னைக்கு எக்ஸ்பிரஸ் விட்டால் கொடியசைக்க மேடை, மாலை, போட்டோ உண்டு. பாசஞ்சரை நாளைக்கு இரண்டு தடவை கூடுதலாக விட்டால் யாரும் மேடை போடுவதில்லை. ஒரு ஸ்டேஷன் சுவரில் ஒரே ரயிலைப் "பெற்றுத் தந்தமைக்கு நன்றி" என்று மூன்று கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பனங்கிழங்கு அம்மாவுக்கு அதில் எது உண்மை என்று தெரியாது. சாயங்காலம் திரும்ப வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான் பக்கத்திலிருந்த கல்லூரிப் பிள்ளையிடம் செல்போனில் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் காற்று மாறுகிறது. அலையாத்திக் காடு ரயிலிலிருந்து தெரியாது. இறால் குட்டைகளும் உப்பளங்களும்தான் இந்தப் பக்கத்து அடையாளம். நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றி வேறொரு இதழில் எழுத வேண்டும்.

பட்டுக்கோட்டை நெருங்கும்போது தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறிய கஜா புயல் இந்தத் தோப்புகளை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாய்ந்தபடியே உயிர் பிழைத்த பழைய மரமும், பிறகு வைத்த கன்று மரமாகிப் பாளை விடுவதும் ஒரே தோப்பில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. நெட்டை ரகம் வைத்தவர்கள் இப்போதுதான் காயைக் கண்ணில் பார்க்கிறார்கள். இவ்வளவு காத்திருந்தவர்கள் விலையில் அடிபடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாசகர் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் பதில்.

ஏக்கருக்கு 70 மரம் என்று வையுங்கள். ஒரு வெட்டுக்கு மரத்துக்குப் பத்துக் காய் என்றால் 700 காய். லாரிக்காரர் தோப்பு வாசலுக்கே வருகிறார். ரயிலென்றால் தோப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, ஏற்றுக்கூலி, அங்கே இறக்குக்கூலி, மறுபடி மார்க்கெட்டுக்கு ஒரு வண்டி. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் நிற்கும் பயணிகள் வண்டியில் சாக்கு ஏற்றவும் முடியாது. அதனால் 700 காய்க்கு ரயில் கட்டாது. இதுதான் நேரான பதில். ரயில் கட்டுவது நீண்ட தூரத்துக்கும் பெரிய லோடுக்கும்தான். டெல்டாவிலிருந்து அரசு நெல்லை வெளிமாவட்ட அரவைக்கு அனுப்பும்போது 42 வேகன்களில் 2,000 டன் ஒரே தடவையில் போகிறது. ரயிலுக்கு நம் சரக்கு புதிதில்லை. அந்த அளவுக்குச் சேர்த்துக் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் விட்டார்கள். காய், பழத்துக்குப் பாதிக் கட்டணம் சலுகை கொடுத்தார்கள். அதை அதிகம் பயன்படுத்திக்கொண்டது மகாராஷ்டிரம். நம் பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல இடத்தில் உரக்கடையாகவே நின்றுவிட்டன. நாலு நிறுவனம் சேர்ந்து வடக்கே ஒரு வியாபாரியிடம் வாரத்துக்கு இவ்வளவு டன் மட்டை உரித்த காய் என்று ஒப்பந்தம் பேசிவிட்டு, அதன் பிறகு ரயில்வேயிடம் சரக்கு ஏற்றும் இடம் கேட்டால் பேச்சுக்கு எடை இருக்கும். வெறும் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்.

பேராவூரணி தாண்டி அறந்தாங்கி வரும்போது மண் சிவந்துவிடுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும் தேதி வேறு. இந்தப் பக்கத்தில்தான் இப்போது கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை என்ற பேச்சு அதிகமாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் புலம்பினார்: "கேட் இருந்தப்ப பத்து நிமிஷம் நிப்போம் சார், போயிருவோம். இப்ப ஐப்பசி, கார்த்திகையில தண்ணி நிக்குது. வைக்கோல் டிராக்டரு மேல முட்டுது. அறுப்பு மெஷினு சுத்திக்கிட்டு வரணும், அதுக்கு வாடகை நம்ம தலையில."

சுரங்கப்பாதை என்றாலே நான் எதிர்ப்பவனல்ல. பிள்ளைகளும் ஆம்புலன்சும் கேட்டில் நிற்காமல் போவது பெரிய விஷயம். ஆனால் அதை வரைபவர் கண்ணில் கார் இருக்கிறது. லாரி மேல் ஏற்றிய அறுவடை மெஷின் இல்லை. தண்ணீர் இறைக்க மோட்டார் வைப்பார்கள். மோட்டாருக்கு ஆள்? மேலே சொன்ன கதைதான்.

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கேட்டை நிரந்தரமாக மூட வேண்டுமென்றால் ரயில்வே தனியாகச் செய்துவிட முடியாது. மாநில அரசின், மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் கேட்பார்கள். அந்தச் சமயத்தில் ஊர் சும்மா இருந்துவிட்டுப் பாலம் கட்டிய பிறகு மறியல் செய்வதுதான் வழக்கமாக நடக்கிறது. கேட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதுமே டேப்பை எடுங்கள். லாரியில் ஏற்றிய அறுவடை மெஷின் தரையிலிருந்து எவ்வளவு உயரம், அகலம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எவ்வளவு. மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வாய்க்காலில் வடியும் - இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த அளவுகளோடு தீர்மானம் போட்டு, நகலைக் கலெக்டருக்கும் ரயில்வே கோட்ட மேலாளருக்கும் அனுப்புங்கள். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே தாளைக் கொடுங்கள். "எங்களுக்குச் சுரங்கப்பாதை வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதைவிட, "இத்தனை அடி உயரம் வேண்டும், தண்ணீர் இந்த வாய்க்காலில் வடிய வேண்டும்" என்று எழுதினால் பதில் எழுதும் பொறியாளர் அந்த அளவைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 22 கிராமசபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கேட்டின் அளவுகளை எழுதி இந்தப் பகுதிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தீர்மானத்தில் எப்படி எழுதுவது என்று அடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.