வழியில என்னத்தக் கண்ட?

நீண்ட பஸ் பயணத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், சகோதரிகளே? பிள்ளையை மடியில் கிடத்தி, சாப்பாட்டுப் பையைக் காலுக்கிடையில் வைத்து, முன் ஆசனத்துக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து நித்திரை கொள்வீர்கள். அக்குறணையிலிருந்து காத்தான்குடிக்கு நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வதுதான் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எனக்கும் ஒரு வீடு கட்டினார்கள். ஆனால் கணவரின் தொழில் அக்குறணையில் என்பதால் நான் மலைநாட்டுக்கு வந்துவிட்டேன். மற்ற வீடுகளில் மகள்மார் உம்மாவின் வளவுக்குள்ளேயே நடமாட, என் உம்மாவின் ஒரே மகள் மட்டும் தூரத்தில். அது அவருக்குக் குறைதான். வாய் திறந்து சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் சீனி வருத்தத்தால் அவருடைய கண் பார்வை போயிற்று. அதன் பிறகு நான் போய் இறங்கியதும் முதலில் என் முகத்தைத் தடவுவார். அடுத்து, "வழியில என்னத்தக் கண்ட மகள்?" என்று கேட்பார். முதல் தடவை கேட்டபோது, "ஒண்டுமில்ல உம்மா, நித்திரையாகிட்டன்" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்து, ஒண்டுமே இல்லையா?"

கோபமில்லை. என் முகத்திலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த பயணத்தில் கண்ணை மூடுவதில்லை என்று முடிவு செய்தேன். பஸ் ஏறுமுன்பே வேலை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்துச் சாதிக்காய் காயப் போட்டிருந்தார்கள். வெடித்த காய்க்குள் கொட்டையைச் சுற்றி வசவாசி வலை பின்னியதுபோல் நல்ல சிவப்பாக இருக்கும். காயக் காய நிறம் மாறி மஞ்சளாகிவிடும். எத்தனை வருடம் அந்தச் சாக்கைத் தாண்டி நடந்திருப்பேன்! புதிதாய் உரித்த வசவாசி இரண்டைக் கேட்டு வாங்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டேன்.

மாத்தளை, தம்புள்ளை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலும் வாகன நெரிசலும்தான். தம்புள்ளைச் சந்தைக்கு வந்த லொறி ஒன்றிலிருந்து லீக்ஸ் வாசனை மட்டும் ஜன்னல் வழியே புகுந்து, பஸ்ஸில் எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிட்டுப் போனது. ஹபரணை தாண்டி அவித்த சோளப்பொத்தி விற்கிறார்கள். கொண்டக்டர் ஒன்றை வாங்கி, ஆவி பறக்க ஊதி ஊதித் தின்று முடிக்கும்வரை ஒருவருக்கும் மிச்சக் காசு கிடைக்கவில்லை.

பிறகு மன்னம்பிட்டி. மகாவலி கங்கைக்கு மேலே 2007ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கும்வரை, புகையிரதமும் வாகனங்களும் ஒரே பாலத்தால்தான் போய் வந்தன. ரயில் வரும் நேரமென்றால் பஸ் நின்றுவிடும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், பிள்ளைகளுக்கோ அது பெருநாள். உம்மா என்னை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணச் சொல்வார். நான் ஏழுக்குப் பிறகு பதினொன்றுக்குத் தாவுவேன் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். இப்போது யாரும் நிற்க வேண்டியதில்லை. பஸ் கங்கையைக் கடந்தது தெரியாமலேயே கடந்துவிடுகிறது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தக் காத்திருப்பை நான் இழந்துவிட்டதாகவே நினைக்கிறேன். அன்று எட்டிப் பார்த்தபோது, கீழே மணல் திட்டில் ஒருவர் சைக்கிளைத் தண்ணீரில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினார் என்று சொன்னால் போதாது. பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல, கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்து, உள்ளங்கையால் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார்.

வெலிக்கந்தைப் பக்கம் பஸ்ஸை நிறுத்தியபோது எருமைத் தயிர் ஒரு முட்டி வாங்கினேன். நீங்கள் வாங்கும்போது முட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள், ஈரமாக இருக்கும். மண் தயிரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிறது. அதனால்தான் முட்டித் தயிர் கத்தியால் வெட்டலாம்போல இறுகி நிற்கிறது. பிளாஸ்டிக் கோப்பைத் தயிரில் அந்த இறுக்கம் வராது. மடியில் வைத்துக்கொண்டு போன என் அபாயா ஊர் போய்ச் சேருமுன் வட்டமாக நனைந்திருந்தது.

ஓட்டமாவடி, ஏறாவூர், மட்டக்களப்பு எல்லாம் விரைவாய்ப் போயின. கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. பழைய இரும்புப் பாலத்தின் தடதடப்புதான் முன்பெல்லாம் எங்களை எழுப்பிவிடும். புதுப்பாலத்தில் சத்தமே இல்லை. காத்தான்குடிக்குள் நுழைந்ததும் பிரதான வீதியின் நடுவே வரிசையாய் நிற்கும் பேரீச்ச மரங்கள். அன்று அவற்றில் குலைகள் தொங்கின. வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். உள்ளூர்க்காரியான நான் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

வீட்டில் உம்மா வழமைபோல் முகத்தைத் தடவினார். அவர் கேட்குமுன்பே கைலேஞ்சியை அவிழ்த்து வசவாசியைக் கையில் வைத்தேன். மூக்கருகே கொண்டுபோய், விரலால் அதன் வலையை ஒவ்வொரு கிளையாகத் தடவிக்கொண்டே இருந்தார். தயிர் முட்டியின் ஈரத்தைத் தொட்டு, "வெலிக்கந்தையா?" என்றார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கொண்டக்டரின் சோளப்பொத்திக்குச் சிரித்தார். சைக்கிள்காரர் வந்ததும் என்னை நிறுத்தினார்.

"சைக்கிள் என்ன நிறம்?"

யோசித்தேன். "அதக் கவனிக்கல்ல உம்மா."

"சரி, முன் சில்ல முதல்ல கழுவினானா, பின் சில்லயா?"