திரைக்குப் பின்னால் வந்த கடவுள்

கோடை வந்துவிட்டால் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பல ஊர்களில், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துவிடுவார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை விடிய விடியக் கூத்தாக நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணாலேயே துரியோதனனைத் தரையில் நீட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். எங்கள் பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் கர்ணனுக்காகக் கண் கலங்குவார், தருமனோடு மட்டும் அவருக்குக் கடைசிவரை ஒத்தே போகவில்லை. "பொண்டாட்டிய வச்சுச் சூதாடுனவன் என்னடா தருமன்?" என்பார். அதைவிட நல்ல மதிப்புரையை நான் அதிகம் படித்ததில்லை.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இளம் ஆசிரியர்கள் இப்போதும் வீட்டுக்கு வந்து கேட்பதுண்டு. "புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் பிள்ளைகள் ஆசிரியர் பெயர், பதிப்பகம், பின்னட்டையில் உள்ள நாலு வரி, இவ்வளவையும் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் ஐயா, என்ன செய்யலாம்?" அவர்களிடம் ஒரு பையனைப் பற்றிச் சொல்வேன்.

அவன் கூத்தாடும் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வகுப்பில் பேச வேண்டிய கதையாகப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அவனுக்கு வந்தது. 1943இல் எழுதிய கதை. கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார், கந்தசாமிப் பிள்ளை அவரைக் காபி குடிக்கக் கூட்டிப் போகிறார். பையன் இரண்டு வாரம் தள்ளிப்போட்டான். நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள், "பேச வராதுங்க ஐயா. ஆடிக் காட்டட்டுமா?" என்றான்.

இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று விசாரிப்பான், அதன் பிறகுதான் திரை விலகும். இங்கே கட்டியங்காரன், "யாரய்யா நீர்?" என்றான். "கடவுள்." "எந்தக் கோயில் கடவுள்? டிக்கெட் எடுத்தீரா?" வகுப்பு குலுங்கியது. நாளும் பொழுதும் சாமி வீதியுலா வருகிற ஊர்ப் பிள்ளைகள் அல்லவா!

ஆட்டம் முடிந்ததும் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?" என்று கேட்டாள். கதையில் கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடுவார்கள், அவர் அவர்களைத் துரத்திவிடுவார். பையன் அந்த இடத்தைச் சொன்னான். "எங்கப்பாவையும் ஒரு வீட்டு விசேஷத்துல பாதியில நிறுத்தச் சொல்லிட்டாங்க. வேஷத்தைக் கலைக்காமலே வீட்டுக்கு வந்தாரு. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்த மூடி வச்சிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தப் படிச்சேன்." வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

வேட்டித் திரை அவனை எழுந்து நிற்க வைத்தது. மதிப்புரை அந்தப் பெண் கேட்ட கேள்வியில்தான் பிறந்தது. அதனால்தான் சொல்கிறேன், நாற்பது நிமிட வகுப்பில் ஆட்டத்துக்குப் பதினைந்து போதும், மிச்சத்தைக் கேள்விக்கு வையுங்கள்.

எல்லோரும் ஆட வேண்டும் என்பதில்லை. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' படித்த பெண் ஒருத்தி, தெலுங்கு தேசத்திலிருந்து கரிசல் காடு வரை அந்தக் குடும்பங்கள் நடந்த வழியைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, நண்பர்களை அதன்மேல் நடக்க வைத்தாள். பூமணியின் 'வெக்கை'யைப் படித்தவர்கள் வழக்காடு மன்றம் வைத்தார்கள். கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் அலையும் சிறுவனுக்காக வாதாட ஆள் குவிந்தது. எதிர்த்தரப்புக்கு ஒரே ஒருவன்தான். அவன்தான் புத்தகத்தை வரிவரியாகப் படித்திருந்தான். புத்தகத்துக்காகப் பிள்ளைகள் கொண்டுவரும் பளபளக்கும் அட்டைப்படங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பெரும்பாலும் அவற்றை அக்காவோ அம்மாவோ செய்து தருகிறார்கள்.

இதெல்லாம் புது முறை என்று யாராவது தயங்கினால் செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சொல்வேன். அவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைக் கூத்துக் கலைஞர்கள் ஜெர்மானியர் பிரெக்ட்டின் நாடகத்தையும், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவனின் கதையையும் கூத்தாக்கியவர்கள். கொலம்பியாக் கதைக்கே நம் மண்ணில் முகவீணை ஊத முடிந்ததென்றால் பள்ளி நூலகத்துப் புத்தகத்துக்கு முடியாதா?

பையன் ஆடிக் காட்டிய அந்த வாரம் புதுமைப்பித்தன் தொகுதியைக் கேட்டுப் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். நூலகத்தில் ஒரு பிரதிதான் இருந்தது. யாருக்கு முதலில் என்பதை அந்தப் பையனே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். கேள்வி கேட்டவளுக்குக் கொடுத்தான்.