கீழே பார்க்காமல்

சின்னமனூர் என்றால் தமிழ் வாசகர்களுக்குச் செப்பேடுகள் நினைவுக்கு வரக்கூடும். பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்லும் செப்பேடுகள். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவற்றைப் பற்றிக் கல்லூரியில்தான் தெரியவந்தது. எனக்கு ஊர் என்பது கடைவீதி.

அம்மாவுக்கும் அப்படித்தான். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இராது. போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஜவுளிக்கடை வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். பூ விற்கும் அம்மாளிடம் பத்து நிமிடம், வாழைப்பழக் கடையில் ஒரு பேரம். ஊரில் யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம் பையில் காய்கறியோடு சேர்ந்து வீட்டுக்கு வரும்.

2016இல் ஒரு மாலை, சாக்கடை மேல் பெயர்ந்து கிடந்த மூடுகல்லில் கால் வைத்து விழுந்தார். கணுக்கால் எலும்பு மூன்று மாதங்களில் கூடிவிட்டது. ஆனால் அவர் அதன்பின் கடைவீதிக்குப் போகவில்லை. "எல்லாத்தையும் தம்பி வாங்கியாந்துருதான், நான் எதுக்கு" என்றார். பொருள்கள் வந்தன. செய்திகள் வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவர் பேச்சு குறைந்துபோனதை வெளியூரில் இருந்த நான் தொலைபேசியில்தான் உணர்ந்தேன்.

2020 தொடக்கத்தில் சென்னையில் என்னோடு தங்கியிருந்தபோது ஒரு மாலை பாண்டி பஜாருக்கு அழைத்துச் சென்றேன். தியாகராய சாலையில் வாகனங்களுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை விரிவாக்கி, 2019 நவம்பரில்தான் திறந்திருந்தார்கள். சிறிது தூரம் என் கையைப் பிடித்திருந்தவர், எப்போது விட்டார் என்று தெரியவில்லை. "இங்க கீழ பாக்காமலே நடக்க முடியுதுய்யா" என்றார்.

நடைபாதைகளைப் பற்றி இந்திய சாலைக் காங்கிரஸின் 103ஆம் எண் நெறிமுறையைப் பின்னர் தேடிப் படித்தேன். குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும். இரு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கப் போதுமான அளவு அது. கடைவீதிகளில் இன்னும் கூடுதலாக வேண்டும். விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. கடை வாசலுக்கு ஒரு பட்டை, நடப்பதற்கு ஒரு பட்டை, மரத்துக்கும் விளக்குக்கம்பத்துக்கும் இருக்கைக்கும் ஒரு பட்டை. உலர்ந்த எண்கள்தாம். அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னது இந்த எண்கள் எல்லாம் சேர்ந்து தரும் விளைவை.

பாண்டி என்ற பெயர் புதுச்சேரியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரின் சுருக்கம். எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டிக்காரர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுக்கக்கூடாது என்று உத்தரவிட்டவர். பொதுவழி எல்லோருக்கும் உரியது என்பது அவருக்கு அழகுபடுத்தும் திட்டமன்று, உரிமை.

அந்த அளவுகோலில் பாண்டி பஜாரும் முழுமையானதல்ல. அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை 2013இல் தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "தரையில வச்சு விக்கிறவங்க யாரையும் காணோமே?" என்று அம்மா கேட்டார். சாலையோர வியாபாரிகளுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடப்பவருக்கு இடம் தர, விற்பவரை விரட்டவேண்டியதில்லை. பூ விற்கும் அம்மாள் இல்லாத வீதியில் அம்மாவுக்கு என்ன வேலை?

இப்போது குமுளி செல்லும் வாகனங்களுக்குச் சின்னமனூரில் புறவழிச்சாலை உண்டு. அதனால் மட்டும் பழைய வீதி நடப்பவருக்குத் திரும்பக் கிடைத்துவிடாது. காலியாகும் இடத்தை இருசக்கர வாகனங்கள் பிடித்துக்கொள்ளும். சாக்கடைக்கு ஒழுங்கான மூடி, அதன்மேல் தொடர்ச்சியான சமதளப் பாதை, நிழல், உட்கார இடம். சிறிய ஊருக்கு இவை பெரிய செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

கடந்த பொங்கலுக்கு வற்புறுத்திக் கடைவீதிக்கு அழைத்துப் போனேன். என் கையை இறுகப் பிடித்தபடி, வழியெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தார். எதிரே வந்து சிரித்த இருவரை அவர் கவனிக்கவேயில்லை. ஜவுளிக்கடையை அடைந்ததும் உள்ளிருந்து ஸ்டூல் வந்தது. உட்கார்ந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"என்னம்மா, பாத்து எம்புட்டு வருசமாச்சு!" என்றார் கடைக்காரர்.