முகமாலையில் மிதிவெடி அகற்றல்

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது வடக்கு மண்ணில் மிதிவெடிகள் மிஞ்சின. பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் அவை மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்தன. அகற்றும் பணியை ஒருங்கிணைக்க 2010இல் தேசிய மையம் அமைந்தது. ராணுவத்தோடு ஹாலோ டிரஸ்ட், மேக், டாஷ் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகளும் களத்தில் இறங்கின. இந்தியாவின் முன்னாள் படைவீரர் குழுக்களும் சென்றன.

பணியாளர் முகக்கவசம் அணிந்து, மண்டியிட்டு, உலோகங்காட்டியை நகர்த்துவார். ஒலி எழுந்தால் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குவார். துருப்பிடித்த ஆணிக்கும் ஒலி எழும். ஆனாலும் ஒவ்வொன்றையும் வெடியாகவே கருதித்தான் தோண்ட வேண்டும். இந்தப் பணியில் போரில் கணவரை இழந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை கெடு கிடைத்தது. துப்புரவான நிலம் சோதிக்கப்பட்ட பிறகே உரியவர்களிடம் திரும்புகிறது.